கண்டிச்சீமையில் பூஞ்சாணத்தைத் தேடியவர்

ஏற்காட்டிலோ தாண்டிக்குடியிலோ காபி வைத்திருப்பவர் என்றால், மழைக்காலத்தில் இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கும். மேலே வெளிர்மஞ்சள் புள்ளி. அடியில் ஆரஞ்சு நிறத் தூள். தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும். இலைத்துரு நோய். அந்தத் தூள் என்ன, இலைக்குள் எந்த வழியாக நுழைகிறது, நுழைந்தபின் எத்தனை நாள் வெளியே தெரியாமல் இருக்கிறது என்பதை அடிமுதல் நுனிவரை ஆராய்ந்து எழுதியவர் ஹாரி மார்ஷல் வார்ட். 1880-ல் இலங்கையின் மலைத்தோட்டங்களுக்கு அவர் வந்து சேர்ந்தபோது வயது இருபத்தைந்து, இருபத்தாறுதான்.

காபி வளர்க்காதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். மழை வருவதற்கு முன்பே பூசணக்கொல்லி அடித்துவிடுங்கள் என்று வேளாண் அலுவலர் சொல்வதற்கும், பயறு விதையில் ரைசோபியம் கலந்து விதையுங்கள் என்று சொல்வதற்கும் பின்னால் இந்த மனிதரின் உழைப்பும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், எந்த வேலைக்காக அவரைக் கப்பலேற்றி அனுப்பினார்களோ, அந்த வேலை அவருக்குக் கைகூடவில்லை.

பாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை

வார்ட் பிறந்தது இங்கிலாந்தில் ஹெரிபோர்டு என்ற ஊரில், 1854 மார்ச் 21-ல். அப்பா இசைக்கலைஞர். வசதியான குடும்பம் இல்லை. பையன் சின்ன வயதிலேயே பள்ளியை விட்டு நிற்க வேண்டி வந்தது. ஆனாலும் தானாகப் படித்தார். அறிவியல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க லண்டனில் ஹக்ஸ்லி நடத்திய வகுப்புகளில் சேர்ந்தார். செடிகொடிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் பைத்தியம் அங்கேதான் பிடித்தது. உதவித்தொகையும் உடன் படித்த நண்பர் ஒருவரின் பண உதவியும் சேர்ந்து 1876-ல் கேம்பிரிட்ஜ் போனார். மூன்று ஆண்டில் முதல் வகுப்பில் தேறினார். பிறகு கொஞ்ச நாள் ஜெர்மனியில் படிப்பு.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பயிரில் பூஞ்சாணம் தெரிந்தால், அது நோய்க்குக் காரணமா அல்லது நோயுற்ற செடியில் தானாக உண்டாகும் கழிவா என்பதே பெரிய சண்டையாக இருந்தது. 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகி இலட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள். அதற்குக் காரணம் ஒரு பூஞ்சாணம்தான் என்று ஜெர்மானிய அறிஞர் டி பாரி சோதனை செய்து காட்ட இன்னும் பதினைந்து, பதினாறு ஆண்டுகள் ஆயின. (அந்தக் கருகல் நோய்க் கிருமியை இன்று பூஞ்சாணக் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. அது வேறு கதை.) அப்படிக் காட்டிய பிறகும் மண் சத்துப் போய்விட்டது, காற்று கெட்டுவிட்டது என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

வெட்டிச் சாய்த்த காடு

இலங்கையின் நடுமலைப் பகுதியை நம் முன்னோர்கள் கண்டிச்சீமை என்றார்கள். 1830-களில் தொடங்கி ஐம்பது ஆண்டுகளில் அங்கே காடு போய்க் காபி வந்தது. வேலை எளிது. மரங்களை வெட்டிச் சாய்ப்பது, காய விடுவது, தீ வைப்பது, மழை தொடங்கியதும் சாம்பல் மண்ணில் குழி எடுத்துக் காபி நாற்று வைப்பது. அந்த வேலையைச் செய்தவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணி பின்னால் நடந்தே கடற்கரைக்குப் போய், மன்னாரில் கரையேறி, வறண்ட காட்டு வழியில் மாத்தளை வரை நடந்தவர்கள். காபி பருவப்பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் ஆள் தேவை, மற்ற மாதங்களில் குறைவு. எனவே பலர் பறிப்புக்குப் போய், கையில் கொஞ்சம் காசுடன் ஊர் திரும்புவார்கள். இன்றும் மலையகத் தமிழர்கள் அந்தக் காலத்தைக் கோப்பிக் காலம் என்றே சொல்கிறார்கள்.

1870-ல் இலங்கை ஏற்றுமதி செய்த காபி ஏறத்தாழ 4.5 கோடி கிலோ. 1870-களின் கடைசியில் காபிப் பரப்பு இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கர் அளவுக்குப் போனது. ஒரு மலை முகட்டில் நின்றால் எதிர்மலை, அதற்கும் அடுத்த மலை எல்லாமே ஒரே செடி.

இதற்குள்ளேயே 1869-ல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இலையில் ஆரஞ்சுத் தூள் தென்பட்டது. பேராதனைத் தாவரவியல் தோட்ட இயக்குநர் துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்ற பாதிரியார், காளான் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர், அதைப் பார்த்துப் புது இனம் என்று அறிந்து ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். முதல் சொல்லுக்குப் பாதி வழுவழுப்பு என்று பொருள். அதன் வித்தை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு பக்கம் முள் முள்ளாகவும் மறுபக்கம் வழுவழுப்பாகவும் இருக்கும். இரண்டாம் சொல்லுக்கு நாசம் செய்பவள் என்று பொருள். ஓரிரு இலை மாதிரிகளைப் பார்த்து வைத்த பெயர் இவ்வளவு பொருந்திப்போகும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

தோட்ட முதலாளிகள் முதலில் அலட்டிக்கொள்ளவில்லை. விலை ஏறிக்கொண்டிருந்தது. விளைச்சல் குறைந்தாலும் பணம் வந்தது, புதுக் காடுகளையும் வெட்டினார்கள். பத்து ஆண்டு கழித்து மகசூல் பாதியாகி, கடன் கழுத்தை நெரித்தபோதுதான் விஞ்ஞானி வேண்டும் என்று அரசாங்கத்தைக் கேட்டார்கள். கியூ தோட்டத்தில் இருந்த திசல்டன் டயர் தன் பழைய மாணவர் வார்டைச் சிபாரிசு செய்தார். இரண்டு ஆண்டுப் பணி.

கண்ணாடித் துண்டில் சிக்கிய காற்று

வார்ட் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இன்று ஒரு வட்டாரத்தில் புது நோய் வந்தால் விரிவாக்கப் பணியாளர் செய்ய வேண்டியதும் ஏறக்குறைய இதுதான்.

முதலில் அந்தத் தூளை எடுத்து நீர்த்துளியில் வைத்து முளைக்கிறதா என்று பார்த்தார். முளைத்தது. ஒரே இரவில் மெல்லிய குழாய் போன்ற இழை நீண்டது. உலர்ந்த இடத்தில் வைத்ததில் முளைப்பில்லை. அடுத்து, நோயில்லாத காபிச் செடியின் இலையடியில் நீர்த்துளியோடு தூளைத் தடவினார். முளைத்த இழை இலையின் தோலைத் துளைக்கவில்லை. இலை மூச்சுவிடும் துளை இருக்கிறதே, அதைத் தேடிப்போய் அதன் வழியாக உள்ளே நுழைந்தது. காபி இலையில் அந்தத் துளைகள் அடிப்பக்கம்தான் இருக்கின்றன. உள்ளே போன இழை செல்களுக்கு இடையில் கிளைவிட்டு, செல்களில் சிறு உறிஞ்சிகளை நுழைத்துச் சாறு குடிக்கிறது. இரண்டு, மூன்று வாரம் வெளியே எதுவும் தெரியாது. பிறகு மஞ்சள் புள்ளி, அதன்பின் தூள். அந்தத் தூளில் ஒவ்வொரு துகளும் மறுபடி ஒரு வித்து.

எப்படிப் பரவுகிறது? கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் தடவித் தோட்டங்களில் கட்டித் தொங்கவிட்டார். பிறகு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், காற்று கொண்டுவந்து ஒட்டிய வித்துகள். சந்தேகத்துக்கு இடமில்லை. பருவக்காற்று அடிக்கும் திசையில் மலை தாண்டி மலை போய்க்கொண்டிருந்தது துரு. கோடையில் நோய் ஓய்ந்துவிட்டது என்று முதலாளிகள் நினைத்த மாதங்களிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாய் இலைகளில் அது உயிரோடு காத்திருந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார்.

மண் சத்தில்லை, எரு போட்டால் சரியாகிவிடும் என்ற வாதத்தையும் அவர் விடவில்லை. எரு போட்ட செடி புது இலை விடும், உண்மைதான். ஆனால் புது இலை வந்தால் துருவுக்கும் புதுச் சாப்பாடு. இலை கொட்டுவதும் விடுவதுமாகவே செடியின் பலம் தீர்ந்துபோய், பழத்துக்கு மிச்சம் இருப்பதில்லை. செடி நேரடியாகச் சாகாமல் வருடா வருடம் வற்றியது இதனால்தான்.

அதே காட்டின் இலைகளில்

இந்தக் கதையில் பலர் சொல்லாமல் விடும் பகுதி இது. வார்ட் காபித் தோட்டத்தை மட்டும் பார்க்கவில்லை. தோட்டத்தின் ஓரத்தில் மிச்சமிருந்த காட்டு மரங்களின் இலைகளையும் பறித்துப் பார்த்தார். எந்த இலையைத் திருப்பினாலும் அதன்மேல் ஏதோ ஒன்று வாழ்ந்துகொண்டிருந்தது.

ஒன்று மெலியோலா. இலைமேல் கரும்பொட்டு வைத்தாற்போல வட்ட வட்டமாகப் படரும். மாவிலும் எலுமிச்சையிலும் தத்துப்பூச்சி, செதில்பூச்சி சுரக்கும் தேன்போன்ற கழிவின்மேல் படரும் கரும்பூசணம் உங்களுக்குத் தெரியும். பார்க்க அதைப்போல இருந்தாலும் இது வேறு. இலைத்தோலில் சிறு உறிஞ்சிகளை இறக்கி, கொஞ்சமாகச் சாறு எடுத்துக்கொண்டு காலம் தள்ளும். மரம் சாவதில்லை. இன்னொன்று ஸ்ட்ரிகுலா. மாவிலும் கொய்யாவிலும் தேயிலையிலும் செந்நிறப் புள்ளியாகத் தெரியும் பாசித்துருவைப் பார்த்திருப்பீர்கள். அது பூஞ்சாணம் இல்லை, பாசி. காட்டில் அந்தப் பாசியைத் தேடி ஒரு பூஞ்சாணம் வந்து சூழ்ந்துகொள்ளும். இரண்டும் கூட்டுக் குடும்பமாகிக் கற்பாசி வகையில் ஒன்றாகிவிடும். இவை இரண்டைப் பற்றியும் வார்ட் எழுதிய கட்டுரைகள் இன்றும் மதிக்கப்படுகின்றன. துருப் பூஞ்சாணமும் அந்தக் காட்டுக்கு அந்நியமில்லை. காபிக்கு உறவான காட்டுச் செடியிலும் அது காணப்பட்டது. அங்கே அது பேரழிவு எதையும் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை? வார்டுக்குப் பிறகு வந்த ஆராய்ச்சிகளையும் சேர்த்தால்தான் பதில் முழுசாகும்.

நாம் காளான் என்று பறிப்பது பூஞ்சாணத்தின் பழத்தை மட்டும்தான். உடம்பு என்பது மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் ஓடும் வெள்ளை இழைகள். உலகில் பெயர் வைக்கப்பட்ட பூஞ்சாண இனங்கள் சுமார் ஒன்றரை இலட்சம். மொத்தம் 22 இலட்சத்திலிருந்து 38 இலட்சம் வரை இருக்கலாம் என்று 2017-ல் ஒரு கணிப்பு வந்தது. பெயர் வைக்காதவற்றில் பெரும்பங்கு மழைக்காடுகளில் இருக்கும் என்பது ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

அவை அங்கே சும்மா இல்லை. விழுந்த மரத்தில் மரத்தன்மையைக் கொடுக்கும் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. அதை முழுதாகக் கரைத்துத் தின்னக்கூடியவை பெரும்பாலும் வெள்ளை அழுகல் பூஞ்சாணங்கள்தான். அவை இல்லையென்றால் காட்டில் நடக்க இடமிருக்காது, சத்தெல்லாம் கட்டையிலேயே பூட்டிக் கிடக்கும். மழைக்காட்டு மண் பெரும்பாலும் ஏழை மண். வளம் இருப்பது மேலே மக்கும் சருகில். அந்தச் சருகுக்கும் வேருக்கும் நடுவே பாலமாக நிற்பது வேர் உட்பூசணம். நாற்றங்காலில் போட நீங்கள் பொட்டலமாக வாங்குவீர்களே, அதன் காட்டுச் சொந்தங்கள். காபி வேரிலும் உண்டு. இலங்கைத் தாழ்நிலக் காடுகளில் பெரும் மரங்களாக நிற்கும் டிப்டிரோகார்ப் குடும்பத்து மரங்களுக்கு வேறு வகை: வேர் நுனியைச் சுற்றி வெளியே உறை போட்டுக்கொள்ளும் பூஞ்சாணம். மழை பெய்து நாலு நாளில் கறையான் புற்றில் முளைக்கும் புற்றுக்காளான் இருக்கிறதே, அதைக் கறையானே புற்றுக்குள் பாத்தி கட்டி வளர்க்கிறது. தின்ற மரத்தூளை அந்தப் பூஞ்சாணம்தான் கறையானுக்குச் செரிக்கத் தக்கதாக மாற்றிக் கொடுக்கிறது.

நோய் தரும் பூஞ்சாணங்களுக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது. இதைக் கேட்டதும் வியப்பாக இருக்கலாம். தாய்மரத்தின் அடியில் விழுந்த விதைகள் நூற்றுக்கணக்கில் முளைக்கும். நம் நாற்றங்காலில் வரும் நாற்றழுகல் போல அவற்றில் பெரும்பாலானவை அங்கேயே அழுகிச் சாகும், ஏனென்றால் அந்த இனத்துக்கான கிருமி தாயின் காலடி மண்ணில் குவிந்திருக்கிறது. தூரப் போய் விழுந்த விதை பிழைக்கும். தாயடி காலியாகும் இடத்தில் வேறு இன மரம் வரும். எனவே எந்த ஒரு மரமும் காடு முழுவதையும் பிடித்துக்கொள்ள முடியாது. மரங்கள் இப்படிக் கலந்து நிற்பதால், ஒரு மரத்தின் வித்து காற்றில் பறந்தாலும் அடுத்து அது உட்காரும் இலை பெரும்பாலும் வேறு இனத்தினுடையதாக இருக்கும். அங்கே முளைத்தும் பயனில்லை.

கண்டிச்சீமையில் வெட்டி எறிந்தது இந்த ஏற்பாட்டை. பறந்துவந்த வித்து எங்கே உட்கார்ந்தாலும் அது காபி இலையாக இருந்தது. இடைவெளியே இல்லாமல் ஒரே பயிரை மைல் கணக்கில் நட்டதுதான் சாதாரணப் பூஞ்சாணத்தைக் கொள்ளைநோயாக்கியது என்று வார்ட் தெளிவாகவே எழுதினார். இன்று இதை எல்லோரும் சொல்கிறோம். 1881-ல் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும், அதுவும் சம்பளத்துக்குக் கேட்டு வாங்கிய முதலாளிகளிடம்.

மருந்து எங்கே?

முதலாளிகளுக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. மருந்து வேண்டும். வார்டுக்கு முன் பேராதனையில் இருந்த மாரிஸ் சுண்ணாம்பும் கந்தகமும் தூவச் சொல்லியிருந்தார். வார்ட் சோதித்துப் பார்த்தார். இலைக்குள் போய்விட்ட இழையை எந்தத் தூளும் தொட முடியாது. வித்து முளைத்து நுழைவதற்கு முன் இலைமேல் மருந்து தயாராக இருந்தால்தான் பலன். இந்த ஒரு விதிதான் இன்றைய தடுப்பு மருந்துகளின் அடிப்படை. ஆனால் மலைச்சரிவில் இலட்சக்கணக்கான ஏக்கரில், மழைக்கு நடுவே, இலையின் அடிப்பக்கத்தில் படும்படி தூவுவது எப்படி? தெளிப்பான் கிடையாது. பிரான்சில் மில்லார்டே திராட்சைக்குப் போர்டோ கலவையைக் கண்டுபிடித்து வெளியிட்டது 1885-ல். வார்ட் ஊர் திரும்பியது 1882-ல். நடுவில் மூன்றே ஆண்டு. நானாக இருந்தால் வாழ்நாள் முழுக்க அந்த மூன்று ஆண்டை நினைத்து நொந்திருப்பேன்.

மூன்று அறிக்கைகள் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். படித்துப் பட்டம் வாங்கியவர் வந்தும் ஒன்றும் ஆகவில்லை என்று தோட்டத்துக்காரர்கள் முணுமுணுத்தார்கள். 1884-ல் காபிக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி திவாலானது. 1889-ல் ஏற்றுமதி 23 இலட்சம் கிலோவுக்கு வந்துவிட்டது. தோட்டங்கள் கைமாறின, கைவிடப்பட்டன. கூலிப் பாக்கி வராமல் ஊர் திரும்பிய நம் ஆட்களின் கணக்கை யாரும் முழுதாக எழுதி வைக்கவில்லை.

காபி இடத்தில் முதலில் சின்கோனா, பிறகு தேயிலை. 1875-ல் ஆயிரம் ஏக்கர் அளவில் இருந்த தேயிலை 1900-க்குள் மூன்றரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. (ஆங்கிலேயர்கள் டீ குடிக்க ஆரம்பித்ததே இந்தத் துரு நோயால்தான் என்று ஒரு கதை சுற்றுகிறது. அது சரியில்லை. சீனத்துத் தேயிலையும் அசாம் தேயிலையும் அதற்கு வெகுமுன்பே அவர்கள் கோப்பைக்கு வந்துவிட்டன.) காபி போலத் தேயிலைக்குப் பருவம் கிடையாது, ஆண்டு முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். வந்து போய்க்கொண்டிருந்தவர்கள் குடும்பத்தோடு லயத்தில் தங்கவேண்டியதாயிற்று. மலையகத் தமிழர் என்று ஒரு சமூகம் அங்கே நிலைத்ததில் இந்த ஆரஞ்சுத் தூளுக்கும் பங்கு உண்டு. மறுபடி ஒரே பயிர், அதே மலை. 1946-ல் தேயிலையின் கொப்புள நோய் இலங்கைக்கும் நம் தென்னிந்திய மலைகளுக்கும் வந்து சேர்ந்தது. அதுவும் பூஞ்சாணம்தான். அதற்குள் தாமிர மருந்துகள் கையில் இருந்தன, தப்பித்தோம்.

வேர் முடிச்சு, கொம்பு, இஞ்சி பீர்

இங்கிலாந்து திரும்பிய வார்ட் துவண்டு உட்காரவில்லை. டி பாரியிடம் போய்க் கொஞ்ச நாள் இருந்தார், பிறகு மான்செஸ்டரில் வேலை. 1885-ல் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். இந்தியக் காட்டிலாகாவுக்கு அதிகாரிகளைத் தயார் செய்த இடம் அது. பத்து ஆண்டு அங்கே பாடம் நடத்தினார். நம் நாட்டுக் காடுகளுக்கு வந்த அதிகாரிகள் பலர், நிற்கும் மரம் ஏன் உள்ளே பொந்தாகிறது, வெட்டிய மரம் ஏன் உளுத்துப்போகிறது என்பதை இவரிடம்தான் கற்றார்கள். 1889-ல் மரங்களின் நோய்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் அந்தப் பாடத்திலிருந்து பிறந்தது.

1887-ல் அவர் செய்த வேலைதான் பயறு விவசாயிகளுக்கு நெருக்கமானது. அவரைக் குடும்பச் செடிகளின் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறதே, அது செடியின் இயல்பா, வெளியிலிருந்து வரும் தொற்றா? கிருமி நீக்கிய மண்ணில் மொச்சை போன்ற ஒரு பயறை வளர்த்தார். முடிச்சு வரவில்லை. பழைய முடிச்சை நறுக்கி வேர்த்தூவிகளின் மேல் வைத்தார். முடிச்சு வந்தது. தொற்றுதான் என்று நிலைநாட்டினார். ஆனால் வாழ்நாளெல்லாம் பூஞ்சாணம் பார்த்த கண், அந்தத் தொற்றையும் பூஞ்சாண வகை என்றே எடுத்துக்கொண்டது. மறு ஆண்டே பெய்ஜரிங்க் என்ற டச்சு ஆய்வாளர் அது பாக்டீரியா என்று பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார். அதுதான் ரைசோபியம்.

லில்லிச் செடியின் அழுகல் நோயில் பூஞ்சாண இழை ஒரு நீரைச் சுரந்து செல்சுவரைக் கரைத்துக்கொண்டு முன்னேறுவதை 1888-ல் விவரித்தார். மாட்டுக் கொம்பையும் குளம்பையும் தின்று வாழும் ஒரு பூஞ்சாணத்தை எடுத்துக்கொண்டு அதன் வாழ்க்கை முழுவதையும் எழுதினார். கொம்பைக்கூட மக்க வைக்க ஓர் உயிர் இருக்கிறது என்பதைக் குப்பைக்குழி போடும் நாம் தெரிந்துகொள்ளலாம். இங்கிலாந்து வீடுகளில் இஞ்சி பீர் புளிக்க வைக்கப் பயன்பட்ட கட்டியை ஆராய்ந்து, ஓர் ஈஸ்டும் ஒரு பாக்டீரியாவும் ஒன்றையொன்று சார்ந்து சேர்ந்து வாழ்கின்றன என்று 1892-ல் நிறுவினார். நம் வீட்டு இட்லி மாவிலும் இப்படி ஒரு கூட்டணி உண்டு.

1895-ல் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார். 1904-ல் அவர் முயற்சியால் எழுந்த தாவரவியல் கட்டடத்தை மன்னர் ஏழாம் எட்வர்டு திறந்து வைத்தார். கடைசி ஆண்டுகளில் மீண்டும் துருவுக்கே வந்தார். இம்முறை புல்லில் வரும் துரு. ஒரு புல் இனத்தைத் தாக்கும் துரு அடுத்த இனத்தை ஏன் விட்டுவிடுகிறது என்று ஆயிரக்கணக்கில் செடிகளைத் தொற்றவைத்துப் பார்த்தார். இலையின் தடிமனோ துளையின் அளவோ காரணமில்லை, எதிர்ப்பு என்பது செல்லுக்குள்ளேயே இருக்கும் குணம் என்ற முடிவுக்கு வந்தார். இரு இனங்களுக்கு நடுவே நிற்கும் ஒரு மூன்றாவது புல், பூஞ்சாணம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவப் படியாக உதவலாம் என்றும் கருதினார். ஆய்வு முடியவில்லை. உடல் நலம் கெட்டு 1906 ஆகஸ்ட் 26-ல், ஐம்பத்திரண்டாம் வயதில், டார்க்கீ என்ற கடலோர ஊரில் இறந்தார். அவர் மகன் பிராங்க் கிங்டன் வார்ட் பின்னாளில் திபெத், பர்மா மலைகளில் அலைந்து செடி தேடியவராகப் பெயர் பெற்றார்.

நம் மலைகளில்

துரு இலங்கையோடு நிற்கவில்லை. அதே ஆண்டுகளில் தென்னிந்தியாவுக்கும், 1876-ல் ஜாவாவுக்கும் போனது. ஆப்பிரிக்காவைச் சுற்றிவிட்டு 1970-ல் பிரேசிலில் தலைகாட்டியது. நம் பக்கத்தில் காபி முழுதாக அழியவில்லை. நிழல் மரங்களுக்குக் கீழே, மிளகும் ஆரஞ்சும் கலந்து வளர்க்கும் வழக்கம் இங்கே வேரூன்றியது. 1911-ல் மைசூர்ப் பகுதித் தோட்டம் ஒன்றில் துரு தாங்கும் கென்ட் வகை தேர்வானது. கொஞ்ச காலத்தில் துரு அதையும் பழகிக்கொண்டது. பிறகு பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எஸ்.795 வந்தது. பருவமழைக்கு முன்னும் பின்னும் அரை சத போர்டோ கலவையை இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்கச் சொல்கிறார்களே, அதன் நேரமும் இடமும் வார்ட் கண்டுபிடித்த இலைத்துளையிலிருந்து வந்தவை. மழைக்குப் பின் துருப் புள்ளியின்மேல் சில நேரம் வெள்ளைப் பஞ்சு போல ஒன்று படர்ந்திருக்கும். அதை நோய் முற்றிவிட்டதன் அடையாளம் என்று நினைத்துவிடாதீர்கள். அது வெர்டிசீலியம் லெக்கானி. காபியின் பச்சைச் செதில்பூச்சியைக் கொல்வதற்குத் தெளிக்கும் அதே பூஞ்சாணம், துருவின் வித்துகளையும் தின்னும். நிழலும் ஈரமும் உள்ள தோட்டத்தில் அது தானாகவே வரும்.

ஒரு விஷயம் மட்டும் வார்டின் மேசையில் கிடந்தபடியே கிடக்கிறது. ஆரஞ்சுத் தூளின் நடுவே எப்போதாவது வேறு வடிவில், முள்ளில்லாத சில வித்துகள் உண்டாவதை அவர் பார்த்து வரைந்து வைத்தார். அவையும் முளைக்கின்றன, ஆனால் காபி இலையில் தொற்றுவதில்லை. கோதுமைத் துருவுக்கு வேறொரு புதர்ச்செடி இரண்டாம் வீடாக இருப்பதுபோல, காபித் துருவுக்கும் காட்டில் வேறொரு செடி இருக்கக்கூடும். அது எந்தச் செடி என்பதை நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.